விடுபட்டோர் அறிக்கை

நான் யாரையும் இலேசில் நம்புகிறவள் அல்ல. என் அம்மா இதைப் பெரிய குறையாகச் சொல்வார். "உனக்கு வாய்க்கிறவன் பாவம்கா, பூரணி. அவன் சோறு திண்டிட்டனெண்டு சொன்னாலும் நீ சோத்துக் கோப்பையைத் தூக்கிப் பாப்பாய்" என்பார். அன்னப்பூரணி என்று வாய் நிறையப் பெயர் வைத்தவருக்கு, மகளின் வாயிலிருந்து வருவதெல்லாம் கேள்வியாகவே இருந்ததில் வருத்தம்.

ஆனால் என் வேலைக்கு அந்தக் குணம்தான் மூலதனம். நிறுவனங்களுக்கு வலைச் செயலி எழுதுவது என் தொழில். வயது கேட்கிற இடத்தில் இருநூறு என்று அடிப்பார்கள். பிறந்த திகதிக்கு நாளைய திகதியைப் போடுவார்கள். பிரவுசரில் தடுத்தாயிற்றே என்று நிம்மதியாக இருந்தால், வேறு வழியால் அதே குப்பை உள்ளே வந்து கிடக்கும். ஆகவே எது வந்தாலும் சேர்வரில் வைத்து இன்னொருமுறை சோதிக்க வேண்டும். நான் பாவித்த பிரேம்வேர்க் அதற்கென்றே செய்தது போல இருந்தது. தூணும் வளையும் அது நட்டுத் தரும், சுவரும் கதவும் பூட்டும் நாம் வைக்க வேண்டும். நான் பூட்டு வைப்பதில் கெட்டிக்காரி.

2007 மார்ச். சுனாமிக் கடல் வந்துபோய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் விழுகிற சத்தத்தில் எங்கள் கந்தோர்க் கட்டடத்தின் கண்ணாடிகள் அதிரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான், கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக மட்டக்களப்பு நகரத்தில் பயனாளர் பட்டியல் செயலியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து பேருக்குக் குறைந்த குடும்பத்துக்கு இரண்டு அறை வீடு, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் மூன்று அறை. எனவே ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பது முக்கியமான கேள்வி. கொழும்பிலிருந்து வந்திருந்த முகாமையாளர் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: பொய்த் தரவு ஒன்றும் உள்ளே வரக்கூடாது.

அதற்காக நான் வைத்த பூட்டுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, என் செயலியில் அழித்தல் என்பதே இல்லை. எதை மாற்றினாலும் பழையது, புதியது, மாற்றியவர், நேரம், காரணம் எல்லாம் பதிவாகும். இரண்டு, குடும்பத்தில் ஒருவரைக் கழிக்கவோ சேர்க்கவோ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பதிய, மற்றவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு அனுமதிக்க வேண்டும். இரண்டாமவராக முகாமையாளர் நியமித்தது நல்லரத்தினத்தை.

நல்லரத்தினம் அண்ணன் வெல்லாவெளிக்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் நிறுவனத்தின் வெளிக்கள அலுவலர். குருக்கள்மடம் பக்கத்துக் கரையோரக் குடும்பங்களின் விபரமெல்லாம் அவர் சைக்கிளில் போய் எழுதிக்கொண்டு வந்ததுதான். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பேசுகிறவர்களைக் கண்டாலும் வரும், அது வேறு கதை.

இதற்கு முந்திய ஒரு பட்டியல் இருந்ததென்று எனக்குத் தெரியும். கடல் வந்து இரண்டு கிழமைக்குள், ஒரு பள்ளிக்கூட முகாமில் வைத்து அரிசிக்கும் பாய்க்குமாக எழுதின கொப்பிப் புத்தகம். அதை எழுதினதும் இவர்தான். எங்கே அந்தக் கொப்பி என்று கேட்டேன்.

"மழையில நனைஞ்சி போயிட்டு தங்கச்சி. உதவாது."

நனைந்த கொப்பியையும் ஒருமுறை பார்க்க ஆசையாக இருந்தது. அடுத்த நாள் அவர் வெளிக்களம் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். பழைய நுளம்புவலைப் பொதிகளுக்குக் கீழே கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

கள்ளன் பிடிபட்டான் என்ற சந்தோசத்தோடு அன்றைக்கே கொப்பி முழுவதையும் கணினியில் ஏற்றினேன். 2005இன் பட்டியலையும் 2007இன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்களை எடுத்துத் தரும்படி ஒரு சோதனை எழுதினேன். இருபத்தேழு பேர் விழுந்தார்கள். ஒரே மனிதர், ஒரே கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முந்தி ஆறு பேர் இருந்த வீட்டில் இப்போது ஐந்து பேர், நான்கு இருந்த வீட்டில் மூன்று. வீட்டுக்குப் போகாமலே, எங்கோ மர நிழலில் இருந்துகொண்டு படிவம் நிரப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. பொய் சொல்லி வீடு எடுக்க நினைக்கிறவன் ஆட்களைக் கூட்டிச் சொல்வானே தவிரக் குறைத்துச் சொல்வானா? அந்த இருபத்தேழு பேரையும் வயதின்படி அடுக்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். நான் குடும்ப இலக்கத்தின்படி அடுக்கியிருந்தேன். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை என்பதை ஒரு சாட்டாகச் சொல்லலாம். ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது செல்லாத சாட்டு.

சோதனைக்கு 'விடுபட்டோர் அறிக்கை' என்று பெயர் வைத்தேன். பெயர், இன்றைய வயது, தாயின் பெயர், இப்போதைய கொட்டில் இலக்கம் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தானாகவே ஓடி, மின்னஞ்சலில் போகும்படி செய்தேன். முகாமையாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார். வாராந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் போகட்டும் என்று பதின்மூன்று முகவரிகளைத் தந்தார். பதின்மூன்றையும் போட்டேன். அவற்றில் அரைவாசிப் பேரின் முகத்தை நான் கண்டதில்லை.

முதலாவது அறிக்கை போன அன்று மத்தியானம் நல்லரத்தினம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். கையில் அதன் பிரதி.

"தங்கச்சி, இது வேணாம். நிப்பாட்டுங்க."

"ஏன் அண்ணன்?"

"வேணாமெண்டாக் கேளுங்க."

"கொப்பி நனைஞ்சி போயிட்டெண்டு எனக்கிட்டப் பொய் சொன்னீங்க. இப்ப அறிக்கையும் வேணாமெண்டு சொல்லுறீங்க. காரணத்தச் சொல்லுங்க, நிப்பாட்டுறன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தையில் நோட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கள்ள நோட்டா என்று பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, நானே போய்ப் பிடிக்கிறேன் என்று மறுநாள் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு செக்பொயின்றில் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, குருக்கள்மடத்தில் போய் இறங்க வெயில் ஏறிவிட்டது. வாவிப் பக்கத்தில் தகரக் கொட்டில்கள் வரிசையாக இருந்தன. பட்டியலில் முதலாவதாக இருந்த சீதேவிப்பிள்ளையின் கொட்டிலைத் தேடிப் பிடித்தேன். கொப்பியில் நான்கு பேர்: தாய், இரண்டு மகள்மார், பதினான்கு வயது மகன் நிதுர்ஷன். புதிய படிவத்தில் மூன்று பேர்.

சீதேவிப்பிள்ளை நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்றதும் கை கழுவி, கதிரை எடுத்துப் போட்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மாமி, உங்கட மகன் நிதுர்ஷன் எங்க?"

"எனக்கு மகன் இல்லயே, பிள்ள. கடல் கொண்டுபோயிட்டு."

சொல்லும்போது முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பாடமாக்கி வைத்திருந்த பதில். எனக்குள் இருந்த சோதனைக்காரி துள்ளி எழும்பினாள்.

"அதெப்படி மாமி? கடல் வந்தது டிசம்பர் இருபத்தாறு. இந்தக் கொப்பி எழுதினது ஜனவரி ஏழு. கடல் வந்து பன்னிரண்டு நாளைக்குப் பிறகு உங்கட மகன் முகாமில இருந்து பாய் வாங்கியிரிக்கார்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைக்க இப்போதும் கூசுகிறது. சீதேவிப்பிள்ளையின் கண் என் கையிலிருந்த தாளுக்குப் போனது. எழும்பி வந்து அதை வாங்கினார். விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். மகனின் பெயரில் விரல் நின்றது.

"இது ஆரு எழுதின?"

"கொம்பியூட்டர் எடுத்தது. நான்தான் செய்தன்."

"அவன்ட பேரு, வயசு, இந்தக் கொட்டில் நம்பரு..." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இத ஆரெல்லாம் பாத்த? எத்தின பேருக்கு அனுப்பின?"

கொட்டிலுக்குள் யாரோ பாத்திரத்தை வைக்கிற சின்னச் சத்தம் கேட்டு உடனே நின்றது. சீதேவிப்பிள்ளை வாசலை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். அப்போதுதான் தாளை நான் வேறு கண்ணால் பார்த்தேன். பதினாறு, பதினேழு, பதினைந்து, பத்தொன்பது, பதினாறு. இருபத்தேழு பேரில் முதியவர் ஒருவர் இல்லை, குழந்தை ஒன்று இல்லை.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகளைச் சண்டைக்கென்று மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாய்மார் பிள்ளைகளைப் படிவங்களிலிருந்து ஒவ்வொருவராக மறைத்தார்கள். நல்லரத்தினம் அண்ணன் சைக்கிளில் வீடு வீடாகப் போய், அவர்கள் சொன்ன பொய்யை முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பொய்களைக் கண்டுபிடித்து, இருப்பிடத்தோடு சேர்த்துப் பதின்மூன்று பேருக்கு அனுப்பியிருந்தேன்.

"மாமி, எனக்குத் தெரியா" என்று சத்தியம் பண்ணினேன். "உண்ணாணத் தெரியா."

"போங்க பிள்ள" என்றார். "பிறகு பேசுவம். இப்ப போங்க."

பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். அடுத்த திங்கள் வருவதற்குள் அறிக்கையை நிறுத்திவிடலாம். ஆனால் போனது போனதுதான். யார் அதைத் திறந்தார்கள், யார் அச்செடுத்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு பதிவும் இல்லை. என் சேர்வருக்குள் நடப்பதைத்தான் என்னால் பார்க்க முடியும்.

கந்தோருக்கு வந்ததும் நல்லரத்தினம் அண்ணனிடம் போனேன்.

"ஏன் அண்ணன் எனக்கிட்ட ஒரு சொல்லு சொல்லல்ல?"

"நீங்க ஆருட ஆளெண்டு எனக்குத் தெரியாதே, தங்கச்சி" என்றார். "கொழும்பில படிச்சிட்டு வந்தீங்க. வந்த நாள்தொட்டு எல்லாரையும் விசாரிச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் என்னெண்டு நினைக்கிற?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் மின்விசிறியைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தார். பிறகு இருவரும் இருந்து யோசித்தோம்.

அந்தப் பட்டியல் பிழை என்று அதைப் பெற்றவர்கள் நம்ப வேண்டும். அதற்கு ஒரே வழி, என் செயலியை நம்பக்கூடாதது ஆக்குவது. நானே பதின்மூன்று முகவரிக்கும் இப்படி ஒரு பொய்யை எழுதினேன். முகாமில் எழுதின கொப்பி, கடல் வருவதற்கு முந்திய ஊர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை நிரப்பியது. அதைக் கவனியாமல் உயிரோடு இருந்தோரின் கணக்காக எடுத்தது செயலி எழுதியவளின் தவறு. திங்களன்று வந்த அறிக்கையை நீக்கிவிடவும். அதன் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அன்று பின்னேரம் முகாமையாளர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். உன் செயலி எதற்கு உதவும் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுக்கும் உதவாது என்றேன். அவரால் என்னை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை, ஏனென்றால் வேறு யாருக்கும் அதன் தலையும் தெரியாது வாலும் தெரியாது.

ஆனால் தலைமையகம் விடவில்லை. இருபத்தேழு பேருக்கும் விளக்கம் வேண்டும், தாயோ தகப்பனோ கையெழுத்து வைத்த கடிதத்தோடு. நல்லரத்தினம் அண்ணன் மறுபடி சைக்கிளை எடுத்தார். சிலர் கொழும்பில் மாமன் வீட்டில் என்று எழுதிக் கொடுத்தார்கள். மீசை அரும்பியவர்களைத் தாளிலேயே கட்டாருக்கு வேலைக்கு அனுப்பினோம். பதினொரு பேருக்குக் கடல் என்று வந்தது. ஊரில் எல்லோரிடமும் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

சீதேவிப்பிள்ளையிடம் கடிதத்தை நானே கொண்டுபோனேன். வேறு ஆளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் பேனையை வாங்கினார், தாளில் வைத்தார், எடுத்துவிட்டார்.

"வாயால சொல்லுறது காத்தோட போயிரும், பிள்ள. கையெழுத்து வெச்சா அவன் செத்ததா ஆகிருமே?"

"கொம்பியூட்டரில மட்டும்தான் மாமி."

"மறுகா உசிரோட எடுக்கலாமா?"

என் செயலியில் முடியாது. இறந்தவர் என்று பதிந்தால் அந்தப் பெயரை யாரும் தொட முடியாது. இறந்தவர் பெயரில் வீடு எடுக்கிற ஏமாற்றைத் தடுக்க நான் வைத்த பூட்டு அது.

"எடுக்கலாம்" என்றேன்.

அவர் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் தராமல் நிலத்தில் போட்டார்.

அடுத்த நாள் அந்தப் பதினொரு பேரையும் பதியப் போனபோது என் செயலியே என்னோடு மல்லுக்கு நின்றது. மரணத் திகதி பதிவுத் திகதிக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. என் எழுத்துத்தான். அந்த விதியைக் கழற்றினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நல்லரத்தினம் அண்ணன் பக்கத்தில் இருந்து, பதினொரு முறை தன் கடவுச்சொல்லை அடித்து அனுமதித்தார். ஒவ்வொரு முறையும் "முருகா" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்து, மாமிக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்கினேன். இறந்தவரை மீண்டும் உயிருடன் பதிய ஒரு பக்கம் எழுதினேன். அதிலும் என் குணம் போகவில்லை. 'உயிருடன் நேரில் கண்டவர்' என்று ஒரு கட்டம் வைத்தேன். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது.

எல்லாப் பெயருக்கும் விளக்கம் ஏறிவிட்டதால், பிறகு வந்த திங்கட்கிழமை அறிக்கை வெறுமையாகப் போனது. சித்திரையில் அந்தக் கொட்டில்களில் ஒருநாள் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன, வந்தவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது என்று நல்லரத்தினம் அண்ணன் கேள்விப்பட்டு வந்து சொன்னார். என்ன தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுப் போனார்களாம். அதன் பிறகு சீதேவிப்பிள்ளையின் கொட்டில் பூட்டிக் கிடந்தது. மகள்மாரை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு அவர் எங்கோ போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒன்றும் கேட்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு அறை வீடு ஒன்று அவருக்குக் கிடைத்தது.

2009 வைகாசியில் வன்னியில் யுத்தம் முடிந்தது. ஆனியிலிருந்து தாய்மார் ஒவ்வொருவராகக் கந்தோருக்கு வரத் தொடங்கினார்கள். கூடவே கூச்சத்தோடு நெடுத்த இளைஞர்கள். கட்டாருக்குப் போகாமலே கட்டாரிலிருந்து வந்தவர்கள், கடலிலிருந்து எழும்பி வந்தவர்கள். நான் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, நேரில் கண்டவர் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். கடல் என்று பதிந்த பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். நிதுர்ஷன் வரவில்லை.

ஆவணி நடுவில் சீதேவிப்பிள்ளை வந்தார். தனியாக வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தேன்.

"பிள்ள, என்ட கையெழுத்தத் திருப்பித் தாங்க" என்றார். "அவன உசிரோட எழுதுங்க."

"நிதுர்ஷன் எங்க மாமி?"

"இரிக்கான்."

"எங்க இரிக்கார்?"

"இரிக்கான் எண்டு சொல்லுறன்தானே."

பயத்தில் இன்னும் ஒளித்து வைத்திருக்கிறாரா? இல்லை, பிள்ளை போய்விட்டான், தாளிலாவது இருக்கட்டும் என்று வந்திருக்கிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. அன்றும் முடியவில்லை.

"ஆள நேரில பாக்கணும் மாமி. கொம்பியூட்டர் கேக்கும்."

"அண்டைக்கு அவன் செத்ததக் கொம்பியூட்டர் நேரில பாத்ததா, பிள்ள?"

அவர் சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலக் கேட்டார். நான் திரையைத் திறந்து நிதுர்ஷனின் பெயரை எடுத்தேன். நேரில் கண்டவர் என்ற கட்டத்தில் அன்னப்பூரணி என்று அடித்தேன். என் வாழ்நாளில் தெரிந்தே நான் பதிந்த பொய்களில் எனக்கு வெட்கமில்லாதது அது. பொய்யா என்பதும் எனக்குத் தெரியாது.

நல்லரத்தினம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திரையை வாசித்தார், சீதேவிப்பிள்ளையைப் பார்த்தார், கடவுச்சொல்லை அடித்தார். குடும்பத்தினர் தொகை மூன்றிலிருந்து நான்கானது. சீதேவிப்பிள்ளை கிட்ட வந்து, கண்ணாடித் திரையில் விரல் வைத்து, மகனின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சேலைத் தலைப்பால் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு, வாறன் என்று சொல்லிப் புறப்பட்டார்.

அவர் வாசல் படலையைத் தாண்டும் மட்டும் பார்த்திருந்துவிட்டு நல்லரத்தினம் அண்ணன் கேட்டார்.

"தங்கச்சி, பொடியன நீங்க பாத்தீங்களா?"

"இல்ல அண்ணன். நீங்க?"

"நானும் பாக்கல்ல" என்றார்.

நான் நிதுர்ஷனின் பக்கத்தை மூடினேன்.

"இரிக்கான்" என்றேன் நான். "மாமி சொன்னா."